கீத பவனிக்கு வரும் தம்பிகளுக்கும் சேகரக் குழுவுக்கும்: நாய் வளர்க்கும் வீட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும், சேகரக் குழுப் பெரியவர்களுக்கும், வாலிபர் சங்கத் தம்பி தங்கைகளுக்கும்,

கிறிஸ்துவின் நாமத்தில் அன்பின் வாழ்த்துகள்.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேனுங்க. இந்தக் கிறிஸ்துமஸுக்கு நம் சபை செய்யும் ஏற்பாடுகள் சிலவற்றை (நள்ளிரவு ஆராதனை, இரவில் வீடு வீடாகப் போய்ப் பாடும் கீத பவனி போன்றவை), வீட்டில் நாய் வளர்க்கும் குடும்பங்களையும் நினைத்துக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்கத்தான் இந்த மடல். கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்கலாம். ஆனால் நம் கூட்டத்தில் நாய் என்று வாயெடுத்தாலே பேச்சு தெருநாய்க்கும் மாநகராட்சிக்கும் போய்விடும். அப்புறம் குடில் போட்டிப் பரிசு, கேக் ஆர்டர், வேன் வாடகை என்று நேரம் முடிந்துவிடும். எழுதி வைத்தால் நிதானமாகப் படிப்பீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

முதலில் 24ஆம் தேதி நள்ளிரவைப் பற்றி. எனக்கு இருக்கும் பெரிய கவலை அதுதான்.

பட்டாசு பற்றி உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் சொன்ன தீர்ப்பு பலருக்குத் தீபாவளித் தீர்ப்பாகத்தான் ஞாபகம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் அதில் தனியாக நேரம் குறித்திருக்கிறார்கள்: இரவு 11.55 முதல் 12.30 வரை. ஆக 35 நிமிடம். இதை நம் ஆராதனை நேரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்தரை மணிக்கே புதுத்துணி உடுத்தி, குழந்தைகளைக் கிளப்பி, வீட்டைப் பூட்டிக்கொண்டு மொத்தக் குடும்பமும் ஆலயத்துக்குப் புறப்பட்டு விடுகிறோம். ஆராதனை முடிந்து, கை குலுக்கி, கேக் சாப்பிட்டு, படம் எடுத்து வீடு திரும்ப ஒன்றரை ஆகிவிடும். ஊர் முழுக்க வெடிக்க அனுமதித்த நேரமும் நம் வீட்டு நாய் தன்னந்தனியாக இருக்கும் நேரமும் அப்படியே ஒன்றாக வந்து விழுகின்றன. தீபாவளிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அன்று சத்தம் அதிகம்தான், ஆனால் வீட்டில் ஆள் இருக்கும். நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தாலும், பக்கத்தில் தெரிந்த மனிதரின் கால் இருக்கும்.

நம் காதுக்கு எட்டும் ஒலியின் மேல் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். நாய்க்கு அது ஏறக்குறைய 45,000. நமக்குக் காதிலேயே விழாத தூரத்து வெடியும் அதற்குக் கேட்கும். எதற்காக இந்தச் சத்தம், எப்போது நிற்கும் என்று அதற்குத் தெரியாது. பயந்த நாய்க்குத் தெரிந்த ஒரே வழி ஓடுவது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில், ஆராதனைக்குப் போகும்போது பாதுகாப்பு என்று நினைத்து நாயைப் போர்டிகோவில் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டுப் போனார்கள். வெடிச் சத்தத்தில் அது மதில் மேல் ஏறி வெளிப்பக்கம் குதித்துவிட்டது. சங்கிலியின் நீளம் தரை வரை எட்டவில்லை. ஆராதனைக்குப் போகாமல் வீட்டில் இருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் முனகல் கேட்டு ஓடிவந்து தூக்கிப் பிடித்ததால் பிழைத்தது. அந்தப் பெரியவர் நம் சபையாரும் இல்லை, கிறிஸ்தவரும் இல்லை.

ஆயர் ஐயாவிடம் என் முதல் வேண்டுகோள் இதுதான்: கிறிஸ்துமஸுக்கு முந்திய இந்த அட்வெந்து நாட்களில் ஒரு ஞாயிறு அறிவிப்பில், 24ஆம் தேதி இரவு ஆராதனையும் 25ஆம் தேதி காலை ஆராதனையும் ஒரே பண்டிகைதான், குடும்பம் இரண்டாகப் பிரிந்து வந்தாலும் குறையில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நீங்கள் நினைக்கலாம். தெரியும்தான். ஆனாலும் நள்ளிரவு ஆராதனையில் ஒருவர் இல்லையென்றால் "உடம்பு சரியில்லையா, பக்தி குறைந்துவிட்டதா" என்று விசாரிக்கும் அன்பு உள்ளங்கள் நம்மிடம் நிறைய. பலிபீடத்திலிருந்து ஒரு வார்த்தை வந்தால் ஒருவர் நிம்மதியாக வீட்டில் தங்குவார். நாய் உள்ள வீடு மட்டுமல்ல, கைக்குழந்தையும் படுக்கையில் கிடக்கும் பெரியவர்களும் உள்ள வீடுகளுக்கும் இது உதவும்.

வாலிபர் சங்கத்துக்கு: வெடி வேண்டவே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். ஆலய மைதானத்தில் மட்டும், அந்த 35 நிமிடத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பவனி போகும் தெருமுனைகளில் வேண்டாம். சரவெடியை அதே 2018 தீர்ப்பு அடியோடு தடை செய்திருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். மேலே போய் வெடிக்காமல் பூவாகச் சொரிகிற புஸ்வாணமும் கம்பி மத்தாப்பும் போதாதா, தம்பி?

அடுத்தது கீத பவனி. எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதனால்தான் உரிமையோடு பேசுகிறேன். மார்கழிக் குளிரில் வேன் வந்து நின்று, கிடாரும் தம்பூரினும் சேர்ந்து முதல் பாட்டு எழும்போது வரும் சந்தோஷத்துக்கு ஈடு இல்லை. ஆனால் நாயின் பக்கத்திலிருந்து அதைப் பாருங்கள். நடு இரவு. முன்பின் தெரியாத முப்பது பேர் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறார்கள். பேஸ் டிரம் திடும் திடும் என்கிறது. எல்லோருக்கும் முன்னால், சிவப்பு அங்கி போட்டு, அசையாத பிளாஸ்டிக் முகத்தோடு, கையில் தடியோடு ஓர் உருவம் ஆடிக்கொண்டு வருகிறது. காவல் காப்பதற்கென்றே பிறந்த ஒரு பிராணி இதற்குக் குரைக்காவிட்டால்தான் அதற்கு ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

எந்தத் தெருவுக்கு எந்த இரவு, ஏறக்குறைய எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்ற பட்டியலை முன்கூட்டியே சபையின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். முந்திய வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு போன் செய்தால் போதும், நாயை உள்ளறையில் விட்டுவிட்டுக் கேட்டைத் திறந்து வைத்திருப்போம். கேட்டை நாங்கள்தான் திறக்க வேண்டும், நீங்கள் திறக்கக் கூடாது. நாய் உள்ள வீட்டில் டிரம் வேண்டாம். கிடாரும் குரலும் போதும், பாட்டின் வார்த்தையும் அப்போதுதான் காதில் விழும். ஒலிபெருக்கி விஷயத்தில் நான் கேட்பதைவிடச் சட்டமே கறாராக இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. விழா நாட்களுக்கு மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளைத் தாண்டாமல். விடியற்காலை இரண்டு மணிக்கு வேன் மேல் ஸ்பீக்கர் கட்டிப் பாடுவது எந்தக் கணக்கிலும் வராது.

அந்தச் சிவப்பு அங்கியில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போடும் தம்பிக்குத் தனியாக ஒரு வார்த்தை. நாய் வெளியே இருந்தால் முகமூடியைக் கழற்றிவிடு. நேராக அதை நோக்கி வராதே, குனிந்து தலையைத் தடவாதே, உற்றுப் பார்க்காதே. பக்கவாட்டில் திரும்பி நின்று, அதுவாக வந்து மோந்து பார்க்கட்டும் என்று விட்டுவிடு. வாலைக் கால்களுக்கு இடையில் சொருகிக்கொண்டு, உதட்டை நக்கிக்கொண்டு, தூக்கம் வராமலே கொட்டாவி விட்டு, கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்க்கும் நாய் பயந்திருக்கிறது. அந்த நிலையில் குழந்தைகளைக் கூட்டிவந்து "தொட்டுப் பாரு, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்பவர் அந்த வீட்டு எஜமானரே ஆனாலும் கேட்காதே. மீறிக் கடி, கீறல் பட்டுவிட்டால், தடுப்பூசி போட்ட நாய்தானே என்று விடக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசி அங்கே இலவசம்.

இனி சாப்பாடு. பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார்களுக்கும் பவனியில் வரும் சின்னப் பிள்ளைகளுக்கும் இந்தப் பகுதி. நம் ஊரில் நாய்க்கு ஏதாவது கொடுக்காமல் யாரும் வீடு திரும்புவதில்லை. அந்தக் கை தாராளம்தான் எனக்குப் பயம்.

பிளம் கேக்கில் உலர்திராட்சை இருக்கிறது. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கக்கூடியவை. எவ்வளவு தின்றால் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது. ஒரு நாய் கைப்பிடி தின்றும் நன்றாக இருக்கும், இன்னொன்றுக்குக் கொஞ்சமே போதும். முதலில் வாந்தி வரும், சிறுநீரகம் கெடுவது ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். இதற்குக் காரணம் திராட்சையிலும் புளியிலும் இருக்கும் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் 2021இல் முன்வைத்தார்கள். அவர்கள் அந்த முடிவுக்கு வர உதவிய தடயங்களில் ஒன்று, புளி தின்ற நாய்களுக்கும் அதேபோலச் சிறுநீரகம் கெட்டது. நம் சமையலறையில் புளி இல்லாத நாள் ஏது? நாய் எதையாவது தின்றுவிட்டால் புளித்தண்ணீரோ உப்புத் தண்ணீரோ கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்கச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டுமே கூடாது. உப்பே தனி விஷமாகிவிடும்.

திராட்சை என்றதும் இன்னொன்று. தொண்டாமுத்தூர்ப் பக்கம் விளையும் திராட்சையை வாங்கி, மண் ஜாடியில் ஊறவைத்து, கிறிஸ்துமஸுக்கு ஒயின் வடிக்கும் வீடுகள் நம் சபையில் எவை என்று எனக்குத் தெரியும். (பெயர் சொல்ல மாட்டேன், எனக்கும் ஒரு பாட்டில் வருகிறது.) வடித்த பிறகு மிஞ்சும் சக்கையை எங்கே கொட்டுகிறீர்கள்? தென்னை மரத்தடியில். இனிப்பும் புளிப்புமாக மணக்கும் அந்தச் சக்கையில் திராட்சைத் தோலும் இருக்கிறது, சாராயமும் இருக்கிறது. ஆழமாகக் குழி தோண்டி மூடிவிடுங்கள், அல்லது கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிடுங்கள்.

சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்ற பொருள் நாயின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். கருப்பு சாக்லேட் அதிக ஆபத்து, கோகோ பவுடர் அதைவிட. பத்துக் கிலோ நாய்க்குக் கருப்பு சாக்லேட் சுமார் 40 கிராம் போனாலே வாந்தியும் படபடப்பும் ஆரம்பிக்கலாம். சர்க்கரை நோயுள்ள பெரியவர்களுக்காக வாங்கும் சர்க்கரையில்லாத மிட்டாயிலும் சூயிங்கத்திலும் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருந்தால், அது அரை மணி நேரத்திலேயே நாயின் இரத்தச் சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும். உறையைப் படித்துப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் மேலே அலமாரியில் வைத்துவிடுங்கள்.

25ஆம் தேதி மதியத்துக்கு வருவோம். பிரியாணி, பக்கத்தில் பள்ளிபாளையம் சிக்கன். கொங்கு நாட்டுச் சமையலின் உயிரே சின்ன வெங்காயம்தான். அந்த வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். அன்றே தெரியாது. சில நாள் கழித்துச் சோர்ந்து, ஈறு வெளுத்துப் போகும்போது, காரணம் கிறிஸ்துமஸ் சாப்பாடு என்று யாருக்கும் தோன்றாது. எலும்பை ஒதுக்கிவிட்டு வெறும் குழம்புச் சோறுதானே போட்டேன் என்பார்கள், அந்தக் குழம்பில்தான் வெங்காயமே அரைத்திருக்கிறது. வெந்த கோழி எலும்போ ஊசியாக உடைந்து தொண்டையையோ குடலையோ குத்தும். எச்சில் இலையை எலும்போடு வீதியில் எறிந்தால் தெரு நாய்க்கும் இதே கதிதான்.

நாய்க்குப் பண்டிகையே கூடாதா என்றால், யார் சொன்னது? குழம்பு தாளிக்கும் முன்பே எலும்பில்லாத கோழித் துண்டு நாலைத் தனியாக எடுத்து, உப்பில்லாமல் வேகவைத்துச் சோற்றோடு பிசைந்து வையுங்கள். கேரட், பரங்கிக்காய், முட்டை எல்லாம் அதற்கு விருந்துதான். பழைய துண்டில் அந்தக் கறித் துண்டுகளை உள்ளே வைத்துச் சுருட்டிக் கொடுத்தால், மோந்து மோந்து அவிழ்த்துத் தின்பதற்குள் அதற்கு ஒரு மணி நேரம் ஓடிவிடும். வயிறும் நிறையும், விளையாட்டும் ஆச்சு. 25ஆம் தேதி விடியற்காலை ஊரே தூங்கிக் கிடக்கும்போது ஒரு நீண்ட நடை கூட்டிப் போங்கள். எங்கள் வீட்டு நாட்டு நாய்க்கு வருஷத்திலேயே பிடித்த நடை அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு வண்டி இராது.

இதுவரை சபையைக் கேட்டேன். நாய் வளர்க்கும் வீட்டுக்காரர்களான நாமும் செய்ய வேண்டியது உண்டு. உங்கள் நாய் சத்தத்துக்கு எப்படி என்பதைத் தீபாவளியே காட்டியிருக்கும். நடுங்குகிற நாயாக இருந்தால் இப்போதே கால்நடை மருத்துவரைப் பாருங்கள், 24ஆம் தேதி சாயங்காலம் அல்ல. முன்பெல்லாம் கொடுத்த சில மயக்க மருந்துகள் உடம்பை மட்டும் அசையவிடாமல் வைக்கும், பயம் உள்ளே அப்படியே இருக்கும். பயத்தையே குறைக்கும் மருந்துகள் இப்போது இருக்கின்றன. மருத்துவர் எடை பார்த்துத் தருவார், பண்டிகைக்கு முன்பு ஒரு நாள் கொடுத்துப் பார்க்கவும் சொல்வார். நமக்கு வாங்கி வைத்த தூக்க மாத்திரையையோ பாராசிட்டமாலையோ உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

24ஆம் தேதி இருட்டும் முன்பே வெளியே கூட்டிப்போய் வாருங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் போன் எண் எழுதியிருக்கட்டும். வீட்டின் நடு அறையில் ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, மின்விசிறியையும் டிவியையும் ஓடவிடுங்கள். உங்கள் வாசம் உள்ள பழைய போர்வை ஒன்று, தண்ணீர், அது ஒளிந்துகொள்ள ஒரு மூலை. கட்டிப் போடாதீர்கள். பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் பழகிவிடும் என்ற பழைய பேச்சை நம்ப வேண்டாம். பக்கத்தில் வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள்.

குடில் வீட்டுக்குள் இருந்தால் ஜிகினாவும் பனிக்காகப் போடும் பஞ்சும் நாய் வாய்க்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். விழுங்கினால் குடலில் சிக்கும், அறுவை வரை போகும். குட்டி நாய்க்குப் பல் முளைக்கும் காலத்தில் சீரியல் செட் வயரைவிடப் பிடித்த பொருள் வேறில்லை, ஆள் இல்லாதபோது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சிவப்பு இலைப் பாயின்செட்டியாத் தொட்டியைப் பார்த்து "விஷச் செடி" என்று அலறுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அதைத் தின்றால் எச்சில் வழியும், வாந்தி வரும், பெரும்பாலும் அவ்வளவுதான். கேட்டுக்குப் பக்கத்தில் பல வருஷமாக நிற்கிறதே அரளி, இதயத்தை நிறுத்தக்கூடியது அது.

விடுமுறைக்கு மலை ஏறுகிறவர்கள் கவனத்துக்கு: நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பே நாய்க்குச் சோறு நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் ஐந்தாவது வளைவிலேயே கார் நாறிவிடும். அந்த மலைகளில் சிறுத்தை தேயிலைத் தோட்டத்துக்குள் வரும், நாய் அதற்குப் பழகிய இரை. தங்குமிடத்தில் இரவு நாயை வராந்தாவில் விடாதீர்கள். புலிகள் காப்பகத்துக்குள் கூட்டிப்போகும் எண்ணமே வேண்டாம். உறவினர் வீட்டில் நாயை விட்டுப் போகிறவர்கள் அதன் படுக்கையையும் சாப்பாட்டையும் கூடவே கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, 25ஆம் தேதி பல தனியார் கால்நடை மருத்துவமனைகள் மூடியிருக்கும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறதுதான், ஆனால் வாந்தி எடுக்கும் நாயோடு கோவையிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். திராட்சையோ சாக்லேட்டோ தின்றால் முதல் இரண்டு மணி நேரத்தில் கிடைக்கும் சிகிச்சைதான் பெரிய பலன் தரும். அன்று திறந்திருக்கும் மருத்துவமனை எது, இரவில் போன் எடுக்கும் மருத்துவர் யார் என்று 20ஆம் தேதிக்குள் விசாரித்து, சபையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். எந்தெந்த வீட்டில் நாய் இருக்கிறது என்ற தெருவாரிப் பட்டியலும் என்னிடம் பாதி தயார். பவனி வேனுக்கு இந்த வருஷம் யார் பொறுப்பு என்று மட்டும் சொல்லியனுப்புங்கள், டிசம்பர் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். வாசலில் நாய் படம் ஒட்டிய அட்டை தொங்கும் வீடுகளில் டிரம் வேண்டாம், போன் செய்துவிட்டு வாருங்கள். எங்கள் வீட்டிலும் அந்த அட்டை தொங்கும். பவனிக்கு வருகிறவர்களுக்குச் சுக்குக் காபியும் தட்டுவடையும் உண்டு, எத்தனை மணிக்கு வந்தாலும்.

இப்படிக்கு,
சபையின் அங்கத்தினர் ஒருவர்,
கோயம்புத்தூர்.